பாளையங்கோட்டை ஐஇஎல்டிஎஸ் பயிற்சி நிலையம்: எழுத்துக்காகவே சேரலாம்

பாளையங்கோட்டையில் என் மகள், வெளிநாட்டில் உயர்கல்வி பயில விரும்புவோரின் ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வுக்குப் படித்த பயிற்சி நிலையத்தின் உண்மையான பலம் எழுத்துத் திருத்தம்தான். வரைபடத்தையோ அட்டவணையையோ விவரித்து 150 சொற்களுக்குக் குறையாமல் ஒன்றும், 250 சொற்களுக்குக் குறையாமல் ஒரு கட்டுரையும் 60 நிமிடங்களில் எழுத வேண்டிய எழுத்துத் தாளில் கட்டுரைக்கே இரு மடங்கு மதிப்பு என்பதால், முதல் பகுதியை 20 நிமிடங்களில் முடிக்கும் பழக்கத்தை அங்குள்ள ஆசிரியை விடாப்பிடியாக ஏற்படுத்துகிறார். மனப்பாடம் செய்த முன்னுரைகளை அடித்துவிட்டு, கேட்ட கேள்விக்கு விடை எங்கே என்று ஓரத்தில் எழுதித் தருகிறார். இலக்கணம் நன்கு அறிந்தும் கருத்தை விரித்தெழுதத் தயங்கும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கண்டிப்பு மிகவும் தேவை.

பேச்சுத் தேர்வில் ஒரு நிமிடம் யோசித்து இரண்டு நிமிடங்கள் வரை பேச வேண்டிய பகுதிக்கு, குற்றாலச் சாரலையும் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தையும் தலைப்பாகக் கொடுப்பது மிக நல்ல முறை; அறிந்த பொருள் என்றால் நா தயங்குவதில்லை.

கேட்டல் பயிற்சிதான் குறை. தேர்வில் ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஒலிக்கும் என்றிருக்க, சாலை இரைச்சலுக்கிடையே பழைய ஒலிபெருக்கியில் கேட்க வைப்பது மாணவர்களுக்கு நியாயமன்று. அதற்கு வீட்டிலேயே ஹெட்போனில் தனியாகப் பயில வேண்டியிருந்தது.