கானாடுகாத்தான் பக்கத்தில், அடுப்படியோடு ஒரு வாடகை வீடு

ஐப்பசியில் இரண்டு இரவு தங்கிவிட்டு வந்தோம். அம்மா, சித்தி, நாங்கள் அக்கா தங்கை மூன்று பேர், எங்கள் வீட்டுக்காரர்கள், பிள்ளைகள் மூன்று என்று மொத்தம் பதினொரு பேர். செட்டிநாட்டில், காரைக்குடியை அடுத்த கானாடுகாத்தான் பக்கம் பழைய பெரிய பெரிய செட்டியார் வீடுகளை ஓட்டலாக்கி நடத்துகிறார்கள். அங்கெல்லாம் சாப்பாடு அவர்கள் பொறுப்பு. நாங்கள் தேடியது முழு வீட்டையும் வாடகைக்கு விட்டு, அடுப்படியையும் நம் கையில் ஒப்படைக்கிற இடம். பக்கத்து ஊரில் கிடைத்தது. ஓர் இரவுக்கு 16,000 ரூபாய். தலைக்கு 1,500கூட வரவில்லை.

முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவில் வளவு, அதாவது முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும் அறைகளும், அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு, கடைசியில் அடுப்படி. தேக்குத் தூண், கஜலட்சுமி நிலை பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்குக் கை நின்ற இடம் சுவர்தான். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் எல்லாம் சேர்த்து இழைத்த பூச்சு. கன்னத்தை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்று வழவழவென்று இருந்தது. ஒரு அறையில் மட்டும் பழைய பூச்சு மேலேயே பெயின்ட் அடித்து, அது செதில் செதிலாக உரிந்து கிடக்கிறது. அதைப் பார்க்கத்தான் மனசு கேட்கவில்லை.

இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் 'வேறு வைப்பது' என்று ஒரு வழக்கம் உண்டு. வீட்டை விட்டு அனுப்புவது இல்லை. அதே வளவில் ஓர் அறை கொடுத்து, அரிசி பருப்பு தனி, உலை தனி என்று வைப்பார்கள். ஒரே கூரைக்குள் இத்தனை அடுப்பு எரிந்த வீட்டில், யாரோ பரிமாற நாம் உட்கார்ந்து சாப்பிட்டுப் போவதைவிட, நாமே உலை வைப்பதுதான் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. நாங்களும் முறை வைத்துக்கொண்டோம். காலை பெரியக்கா, மதியம் நான், ராத்திரிக்குத் தங்கச்சி.

இரண்டாம் நாள் மதியம் நல்ல மழை. நாலு பக்கக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரிகிறது. மூலைக்கு மூலை தகரத் தூம்பிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. வீட்டைப் பார்த்துக்கொள்கிற அக்கா ஓடி வந்தார். முதல் மழை கூரையைக் கழுவி ஓடட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, பித்தளை அண்டாவின் வாயில் பழைய வேட்டியை நாலாக மடித்துக் கட்டித் தூம்புக்கு நேராக வைத்தார். "இதுல பருப்பு வேக வச்சுப் பாருங்க தாயி" என்றார். குழாய்த் தண்ணீர் அங்கே கொஞ்சம் உப்பு. முதல் நாள் துவரம்பருப்பு குக்கரில் ஆறு விசில் விட்டும் முழித்துக்கொண்டு இருந்தது. இந்தத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்க வைத்து, மூணு விசில். கரண்டியால் தொட்டதும் குழைந்துவிட்டது. சித்தி அதில் வெறும் சீரகம், பூண்டு தட்டிப் போட்டு இறக்கினார். வளவில் வரிசையாக உட்கார்ந்து, மழையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம்.

சரி, குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்கு கேஸ் தீர்ந்துவிட்டது, மாற்று சிலிண்டர் இல்லை. அந்த அக்கா தன் வீட்டுச் சிலிண்டரைக் கொண்டுவந்து மாட்டினார். இது முதலாளி பார்க்க வேண்டிய வேலை. பதினைந்து பேர் தங்கலாம் என்று போட்டிருக்கிறார்கள், ஆனால் இருக்கிற பாத்திரம் நாலு பேருக்குத்தான் காணும். படத்தில் தெரிகிற பெரிய உருளிகள் அலங்காரத்துக்கு, தொடக்கூடாது. அம்மி மட்டும் நல்ல நிலையில் இருக்கிறது, கொத்திக்கூட வைத்திருக்கிறார்கள்.

வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் கவனிக்க: பழைய சாமான் அறைகளைத்தான் குளியலறை ஆக்கியிருக்கிறார்கள். நிலைவாசல் உயரம் குறைவு, படி உயரம் அதிகம். ஆத்தங்குடியில் செய்கிற பூப்போட்ட சிமென்ட் கல் பதித்த தளம் ஈரம் பட்டால் வழுக்கும். முட்டிவலிக்காரியான என் அம்மா ஒருமுறை தூணைப் பிடித்ததால் தப்பித்தார். போனதும் சாக்கோ மிதியடியோ கேட்டு வாங்கி நடைபாதையில் போட்டுவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் இந்த வீட்டுக்குப் போகச் சொல்வேன். பர்மாவில் வட்டிக்கடை வைத்துச் சம்பாதித்துக் கட்டிய வீடுகள் இங்கே எத்தனையோ. 1942இல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்ததோடு அந்த வருமானம் முடங்கியது. ஒவ்வொரு வீட்டுக்கும் பங்காளிகள் ஏராளம், ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். பல வீடுகள் பூட்டியே கிடக்க, சிலவற்றைப் பிரித்து, தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்துவிட்டன. எதிர் வீட்டில் ஓடு சரிந்து, முற்றத்தில் வேப்பங்கன்று முளைத்திருந்தது. நாங்கள் தங்கிய வீட்டில் ஒழுகிய இடத்துக்கு இந்த வருடம்தான் ஓடு மாற்றினார்களாம், வாடகைக் காசில்.

மாசி மாதத்துக்கு மறுபடி கேட்டு வைத்திருக்கிறோம். இந்தத் தடவை இட்லிப் பானையும் பெரிய குக்கரும் எங்கள் வீட்டிலிருந்தே வருகின்றன.