ஈபி-1ஏ, என்ஐடபிள்யூ: எதை முதலில் போடுவது?

வேலைத் திறமையை மட்டும் காட்டி, கம்பெனியின் தயவு இல்லாமல் நாமே நமக்காக கிரீன் கார்டு மனுப் போட அமெரிக்கச் சட்டத்தில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஈபி-1ஏ, அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கான பிரிவு. மற்றது என்ஐடபிள்யூ. இது ஈபி-2 பிரிவுக்குள் வருவது. நாட்டு நலன் கருதி வேலைக் கடிதமும் தொழிலாளர் சான்றும் (அந்த வேலைக்கு அமெரிக்கர் கிடைக்கவில்லை என்று கம்பெனி வாங்கும் சான்று) வேண்டாம் என்று விலக்குக் கொடுப்பது. இரண்டுக்கும் ஐ-140 படிவம்தான். இரண்டிலும் கையெழுத்துப் போடுவது நீங்கள்தான். நாளை வேலை போனாலும் மனு உங்கள் பெயரிலேயே நிற்கும்; எந்தக் கம்பெனியும் அதைத் திரும்பப் பெற முடியாது.

யார் வந்து கேட்டாலும் நான் முதலில் விசாரிப்பது படிப்பையும் சம்பளத்தையும் அல்ல. "எங்கே பிறந்தீங்க?" என்றுதான் கேட்பேன். கையில் எந்த பாஸ்போர்ட் என்பது இங்கே கணக்கில்லை, பிறந்த நாடுதான் கணக்கு. வேலைவாய்ப்புப் பிரிவுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள், அதுவும் மனைவி மக்களையும் எண்ணி. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. யாருக்கு முறை வந்திருக்கிறது என்று அமெரிக்க அரசு மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினில் 2025 அக்டோபர் மாதத்தை எடுத்துப் பாருங்கள். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு ஈபி-2 வரிசை 2013 ஏப்ரல் 1இல் நின்றது, அதாவது அதற்கு முன் இடம் பிடித்தவர்களுக்குத்தான் முறை வந்திருந்தது. ஈபி-1 வரிசை 2022 பிப்ரவரி 15இல். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் பிறந்தவர்களுக்கு அதே மாதம் ஈபி-1இல் வரிசையே இல்லை. ஈபி-2 2023 டிசம்பரில் இருந்தது.

திருச்சியில் பிறந்த ஒருவரும் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவரும் ஒரே பல்கலைக்கழகத்தில் படித்து, ஒரே ஆய்வகத்தில் வேலை பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் பிறந்தவருக்கு நான் தயங்காமல் என்ஐடபிள்யூ போடச் சொல்வேன். திருச்சிக்காரருக்கு அது மட்டும் போதாது. துபாயில் பிறந்து இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவரும் இந்திய வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கணவனோ மனைவியோ வேறு நாட்டில் பிறந்திருந்தால், அந்த நாட்டுக் கணக்கில் இருவருமே போகலாம். இதைத் தெரியாமலே வருடக்கணக்கில் இந்திய வரிசையைப் பார்த்துக்கொண்டு இருப்பவர்கள் உண்டு என்பதால்தான் இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

சரி, தகுதிக்கு வருவோம்.

என்ஐடபிள்யூவுக்கு பொதுவாக முதலில் முதுகலைப் பட்டம், அல்லது இளங்கலையோடு ஐந்து ஆண்டு படிப்படியாக வளர்ந்த அனுபவம் வேண்டும். அப்புறம் மூன்று கேள்விகள். நீங்கள் செய்யப்போகும் வேலைக்கு மதிப்பும் நாடு தழுவிய முக்கியத்துவமும் இருக்கிறதா? அதைச் செய்து முடிக்கும் நிலையில் நீங்கள் இருக்கிறீர்களா? மொத்தத்தில் விலக்குக் கொடுப்பது அமெரிக்காவுக்கு நல்லதா? 2016 டிசம்பரில் வந்த தனசார் தீர்ப்பு வகுத்த அளவுகோல் இது. அந்த மனுதாரர் விண்வெளிப் பொறியியல் ஆய்வாளர், அதிவேக உந்துவிசையில் ஆய்வு செய்தவர். அவருடைய ஆய்வுக்கு நாடு தழுவிய முக்கியத்துவம் உண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அவர் வகுப்பில் பாடம் நடத்துவதை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதன் பலன் அவரிடம் படிக்கும் மாணவர்களைத் தாண்டித் துறை முழுவதற்கும் போகும் என்று காட்டப்படவில்லை என்பது காரணம்.

நம் ஐடி ஆட்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். "கிளவுட் பாதுகாப்பு அமெரிக்காவுக்கு மிக முக்கியம்" என்று பத்துப் பக்கம் எழுதிவிடுகிறார்கள். துறை முக்கியம் என்பது அதிகாரிக்கும் தெரியும். நீங்கள் அதில் செய்யும் குறிப்பிட்ட காரியம், உங்கள் கம்பெனியையும் அதன் வாடிக்கையாளரையும் தாண்டி யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதுதான் கேள்வி. 2025 ஜனவரியில் வந்த புதிய வழிகாட்டுதல் இதை இன்னும் இறுக்கிவிட்டது. படிப்புக்கும் செய்யப்போகும் வேலைக்கும் தொடர்பு இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். என்ஐடபிள்யூ லேசாகக் கிடைக்கும் என்ற பழைய பேச்சை நம்பி இப்போது இறங்காதீர்கள்.

ஈபி-1ஏவின் கணக்கு வேறு. நோபல் போன்ற பெரும் விருது இல்லாதவர்கள் பத்து அளவுகோல்களில் குறைந்தது மூன்றைக் காட்ட வேண்டும். பொறியாளர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் பெரும்பாலும் ஒத்துவருபவை ஐந்து: பிறருடைய கட்டுரைகளை மதிப்பிட்டது, சொந்த ஆய்வுக் கட்டுரைகள், துறையில் பெரிய விளைவு தந்த புதிய பங்களிப்பு, பேர்பெற்ற நிறுவனத்தில் முக்கியப் பொறுப்பு, சக ஊழியர்களை விட மிக உயர்ந்த சம்பளம். மூன்றைத் தொட்டதும் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். 2010இல் வந்த கசாரியன் வழக்குக்குப் பிறகு இரண்டாவது கட்டம் ஒன்று உண்டு. எல்லாச் சான்றுகளையும் சேர்த்து வைத்து, இவர் உண்மையிலேயே தன் துறையின் உச்சியில் இருக்கும் சிலரில் ஒருவர்தானா என்று எடை போடுவார்கள். மூன்று, நான்கு அளவுகோல்களை ஏற்றுக்கொண்ட பிறகும் மனுவைத் தள்ளுவது இந்தக் கட்டத்தில்தான்.

எடையைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் பரிந்துரைக் கடிதங்கள். சமீபத்தில் ஒரு நண்பர் தன் கடிதங்களைப் படித்துப் பார்க்கக் கொடுத்தார். முதல் கடிதத்தில், "இவர் மிகச் சிறந்த பொறியாளர், கடின உழைப்பாளி, எங்கள் குழுவின் சொத்து" என்று ஒரு பக்கம் முழுக்க. அதில் ஒரு வரி கூடப் பயன்படாது. மூன்றாவது கடிதம் அவரோடு ஒருநாளும் வேலை பார்த்திராத வேறொரு நிறுவனத்துக்காரர் எழுதியது. "இவர் வெளியிட்ட சோதனை முறையைப் படித்து எங்கள் தொழிற்சாலையில் கொண்டுவந்தோம். முன்பு இரண்டு நாள் பிடித்த சோதனை இப்போது நான்கு மணி நேரத்தில் முடிகிறது." இந்த இரண்டு வாக்கியத்துக்காக முதல் கடிதத்தையே தூக்கிப் போடலாம் என்றேன். முன்பின் பழகாதவர், உங்கள் வேலையால் தனக்கு என்ன மாறியது என்று சொல்வதற்கு அத்தனை பலம்.

இன்னொன்றையும் மனம் பொறுக்காமல் சொல்கிறேன். பணம் கட்டினால் விருது, பணம் கட்டினால் உறுப்பினர் பதவி, பேர் மட்டும் சேர்த்த ஆய்வுக் கட்டுரை என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போகாதீர்கள். மனு தள்ளுபடியாவதோடு இது நிற்காது. வேண்டுமென்றே பொய்த் தகவல் கொடுத்தார் என்று பதிவானால், பிறகு எந்த விசாவுக்குப் போனாலும் வாழ்நாள் முழுக்க அது குறுக்கே வரும். பத்து வருட நேர்மையான உழைப்பை அதற்குப் பலி கொடுக்க வேண்டாம்.

செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. 2024 ஏப்ரலில் வந்த கட்டண மாற்றப்படி ஐ-140க்கு 715 டாலர், சொந்தமாக மனுப் போடுபவர் கூடுதலாக 300 டாலர். சீக்கிரம் பதில் சொல்ல வைக்கும் பிரீமியம் கட்டணம் தனி. அதைக் கட்டினால் ஈபி-1ஏவுக்கு 15 வேலை நாளிலும், என்ஐடபிள்யூவுக்கு 45 வேலை நாளிலும் பதில் சொல்வார்கள். அந்தப் பதில் கூடுதல் சான்று கேட்கும் நோட்டீஸாகவும் இருக்கலாம்.

இந்த இரண்டில் ஒன்றைத்தான் போட வேண்டும் என்பதில்லை. ஒரே நேரத்தில் இரண்டையும் போடலாம். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இதில்தான் விஷயமே இருக்கிறது, ஏனென்றால் பிரையாரிட்டி டேட், அதாவது வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் தேதி, உங்களோடு நகரும். கம்பெனி உங்களுக்காக 2016இல் பெர்ம் (தொழிலாளர் சான்றுக்கான மனு) போட்டு, அதன் ஐ-140யும் அப்ரூவ் ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்று ஈபி-1ஏ கிடைத்தால் புது மனுவுக்கு அந்த 2016 தேதியையே கேட்டு வாங்கலாம். 2025 அக்டோபரிலேயே ஈபி-1 வரிசை 2022இல் நின்றதால், அந்தத் தேதிக்குக் காத்திருப்பே இல்லாமல் போய்விடும். அப்படிப் பழைய தேதி வைத்திருப்பவர் என்ஐடபிள்யூவில் பணம் செலவழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தேதிக் கணக்கில் அவருக்கு அது புதிதாக எதையும் தராது. முழு உழைப்பையும் ஈபி-1ஏவில் போடட்டும்.

இப்போதுதான் முனைவர் பட்டம் முடித்து, எந்தத் தேதியும் கையில் இல்லாதவருக்கு நிலைமை நேர் எதிர். அவர் முதலில் என்ஐடபிள்யூ போட்டு ஒரு தேதியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நான்கைந்து வருடத்தில் சான்றுகள் சேர்ந்ததும் ஈபி-1ஏவுக்குப் போகும்போது அந்தத் தேதி கூடவே வரும். ஆனால் எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர் ஒன்றை யோசிக்க வேண்டும். ஐ-140 போட்டபின் ஊருக்குப் போய் மாணவர் விசா ஸ்டாம்பிங் வாங்குவது சிக்கலாகலாம். எச்1பி வேலை விசாவுக்கு மாறிய பிறகு போடுவது பாதுகாப்பு.

அப்ரூவ் ஆன ஐ-140 எச்1பியை ஆறு வருடத்துக்கு மேல் மூன்று மூன்று வருடமாக நீட்டிக்க உதவும். எச்-4இல் (எச்1பிக்காரரின் குடும்பத்தினருக்கான விசா) இருக்கும் கணவனோ மனைவியோ வேலை அனுமதி கேட்கவும் உதவும். ஆனால் அது மட்டும் இங்கே தங்கும் உரிமை ஆகாது. வேலை போனால் அடுத்த வழி தேட அதே பழைய 60 நாள் அவகாசம்தான். தேதி வந்து ஐ-485, அதாவது கிரீன் கார்டுக்கான கடைசி விண்ணப்பம், போடும்வரை எச்1பியை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடிதங்களைக் கொடுத்த அந்த நண்பருக்கு பெர்ம் தேதி 2017, மகளுக்கு வயது 16. ஈபி-2இல் காத்திருந்தால் மகள் 21ஐத் தாண்டி மனுவிலிருந்தே விழுந்துவிடக்கூடும். ஈபி-1ஏ கிடைத்தால், வரிசை பின்னுக்குப் போகாத வரை, மகளையும் சேர்த்து உடனே ஐ-485 போடலாம். இரண்டாவது கடிதத்தை மாற்றி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். வந்ததும் உட்கார்ந்து படிக்க வேண்டும்.