இந்தோனேசியக் குட்டித் தீவில் 25 ஆண்டு குத்தகை மனை: வாங்கலாமா?

தென்னந்தோப்பு, வெள்ளை மணல், கூடவே "பொள்ளாச்சித் தோட்டத்து விலையில் பாதிகூட இல்லீங்க" என்று ஒரு குரல். லொம்போக்குக்குத் தென்மேற்கே உள்ள கிலி கெடே, ஜாவாவுக்கு வடக்கே உள்ள கரிமுன்ஜாவா மாதிரியான இடங்களில் மனை தருவதாக வரும் வீடியோக்கள் எல்லாம் இதே அச்சுதான். பூமியில் போட்ட காசு வீண்போகாது என்பது கொங்கு நாட்டில் ஊறிப்போன எண்ணம். அதனால் இந்தச் சரக்கு இங்கே சுலபமாக எடுபடுகிறது. ஆனால் அவர்கள் விற்பது பூமி இல்லை, 25 வருஷ வாடகையை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. வருஷத்தில் சில வாரம் போய்த் தங்க ஆசைப்படுகிறவருக்கு 5-க்கு 3 மதிப்பெண் கொடுக்கலாம். முதலீடு என்று நினைப்பவருக்கு 5-க்கு 1.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 25 லட்சத்துக்கு 25 வருஷம் என்றால் வருஷத்துக்கு ஒரு லட்சம். பத்து வருஷம் கழித்து விற்கப் போனால் வாங்குபவருக்கு மிச்சம் 15 வருஷம்தான். நம்மூர்க் காடு தோட்டம் வருஷம் போகப் போக விலை ஏறும்; இது வருஷம் போகப் போகத் தேயும். "இன்னொரு 25 வருஷம் நீட்டித்துத் தருவோம்" என்ற வரிக்கு, நீட்டிப்பு விலை என்ன, அதை எப்படி நிர்ணயிப்பது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால் தவிர மதிப்பில்லை. விலை சொல்லும் அளவிலும் ஒரு வழுக்கல் உண்டு. அங்கே 'ஆரே' என்பது 100 சதுர மீட்டர், நம் கணக்கில் 2.47 சென்ட். குத்தகை விலையைப் பலர் 'ஒரு ஆரேவுக்கு ஒரு வருஷத்துக்கு' என்றுதான் சொல்வார்கள். முழுக் காலத்துக்கும் அதுதான் விலை என்று தப்பாகப் புரிந்துகொண்டால் 25 மடங்கு ஏமாற்றம். குத்தகைத் தொகையில் 10 சதவீத வரி நில உரிமையாளருடையது. அதை உங்கள் தலையில் கட்டும் ஒரு வரி ஒப்பந்தத்தில் எங்கேயாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

1960-ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி 'ஹக் மிலிக்' என்னும் முழு உரிமை அந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான். குடியிருப்பு அனுமதி வாங்கி அங்கேயே வசிக்கும் வெளிநாட்டவருக்கு 'ஹக் பகாய்' என்னும் பயன்பாட்டு உரிமை கிடைக்கும்: 30 ஆண்டு, பிறகு நீட்டிப்பு 20, புதுப்பிப்பு 30. வெளிநாட்டு மூலதனக் கம்பெனி தொடங்கினால் கம்பெனி பெயரில் 'ஹக் குனா பங்குனான்' என்னும் கட்டட உரிமை, அதே கால அளவு. ஆனால் நிலம், கட்டடம் நீங்கலாக 1,000 கோடி ருப்பியாவுக்கு மேல் முதலீடு காட்ட வேண்டும். நம் பணத்தில் 5 கோடியைத் தாண்டும். அது முடியாதவர்களுக்கு மிஞ்சுவது வெறும் குத்தகை. அதிலும் சட்டத்தின் 45-ஆவது பிரிவு 'இந்தோனேசியாவில் வசிக்கும் வெளிநாட்டவர்' என்றுதான் சொல்கிறது. சுற்றுலா விசாவில் போய்க் கையெழுத்துப் போடுவது நடைமுறையில் உண்டு. வழக்கு என்று வந்தால் அதுதான் உங்கள் பலவீனம்.

"உள்ளூர்க்காரர் பேரில் கிரயம் பண்ணிக்கலாம், பவர் உங்களுக்கு" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். அதே சட்டத்தின் 26-ஆவது பிரிவு அந்தக் கிரயத்தைச் செல்லாது என்கிறது. நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. நம்மூர் பினாமியைவிட மோசம்.

இந்தத் தீவுகளில் பல மனைகளுக்குப் பதிவுச் சான்றிதழே கிடையாது. ஊர்த் தலைவர் எழுதிய கடிதமோ பழைய 'கிரிக்' வரி ரசீதோதான் இருக்கும். அதைப் பதிவுசெய்ய 2021 விதி கொடுத்த 5 ஆண்டுக் கெடு 2026 பிப்ரவரியோடு முடிந்தது. சான்றிதழ் இல்லாத மனையைத் தொடவே வேண்டாம். சான்றிதழ் இருந்தால், நோட்டரி மூலம் நில அலுவலகத்தில் 'எஸ்.கே.பி.டி.' கேட்டு வாங்குங்கள். நம் வில்லங்கச் சான்று மாதிரி அது. 'செந்து தனாக்கு' என்ற அரசு ஆப்பில் மனை வரைபடத்தில் எங்கே விழுகிறது என்றும் பார்க்கலாம். சான்றிதழே தெய்வவாக்கு என்றும் நினைக்க வேண்டாம்: ஜகார்த்தாவை ஒட்டிய தாங்கராங்கில் கடல்நீருக்குள் கிடந்த பரப்புக்கே 263 கட்டட உரிமைச் சான்றிதழ்கள் கொடுத்திருந்தது 2025 ஜனவரியில் வெளியே வந்தது. தாய்ப்பத்திரம் பார்ப்பதுபோல வாரிசுகள் அத்தனை பேரிடமும், உரிமையாளரின் மனைவி அல்லது கணவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். ஒப்பந்தம் இந்தோனேசிய மொழியில் இருந்தாக வேண்டும். 2009-ஆம் ஆண்டு மொழிச் சட்டத்தைக் காட்டி ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய ஒப்பந்தத்தை நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது.

வீடியோவில் காட்டும் 'கடலைத் தொட்ட மனை'க்கு இன்னொரு சிக்கல். அதிகபட்ச அலைக் கோட்டிலிருந்து குறைந்தது 100 மீட்டர் கரையோரப் பாதுகாப்புப் பகுதி என்பது பொது விதி. அதற்குள் வீடு கட்ட அனுமதி கிடைப்பது கஷ்டம். பக்கத்தில் ஏற்கெனவே கட்டியிருக்கிறார்களே என்பது பதில் ஆகாது.

இனி தண்ணீர். ஆயிரம் அடி போர் போட்டுப் பழகிய நமக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் இன்னும் ஆழம் போவதுதான் புத்தி. தீவில் அந்தப் புத்தி கிணற்றைக் கெடுத்துவிடும். மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. நல்ல தண்ணீர் மட்டம் கடல் மட்டத்தைவிட ஒரு அடி உயர்ந்திருந்தால் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. திருப்பிப் பார்த்தால், பம்ப் ஓட்டி ஒரு அடி மட்டத்தை இறக்கினால் கீழிருந்து உப்பு 40 அடி மேலே வரப் பார்க்கும். எனவே ஆழ்துளைக் கிணறு வேண்டாம். தீவின் நடுப்பக்கம் அகலமான, ஆழமில்லாத கிணறு, அரை எச்.பி. மோட்டார், உறிஞ்சு குழாயின் வாயை மிதவையில் கட்டி நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துவது, ஒரேயடியாக ஓட்டாமல் விட்டுவிட்டு ஓட்டுவது. மனை பார்க்கப் போகும்போது தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கையடக்க டி.டி.எஸ். மீட்டர் கொண்டுபோங்கள். மழை முடிந்த ஏப்ரலில் அளந்தால் எந்தக் கிணறும் இனிக்கும். வறட்சியின் கடைசியான செப்டம்பர், அக்டோபரில், கடல் ஏறி நிற்கும் நேரத்தில் அளக்க வேண்டும். நம் நாட்டுத் தர அளவுப்படி குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. அதற்கு மேல் போனால் குளிக்கவும் துவைக்கவும்தான். கழிவுநீர்த் தொட்டி கிணற்றிலிருந்து 10 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பார்கள். பவள மணலில் நீர் சல்லடைபோல ஓடுவதால் அந்தப் பத்து போதாது.

மழைநீர்த் தொட்டி இல்லாத வீட்டை வீடாகவே கணக்கில் எடுக்க வேண்டாம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரை, வருஷ மழை 1,500 மில்லிமீட்டர், ஐந்தில் ஒரு பங்கு வீண் என்று வைத்தாலும் 1,20,000 லிட்டர் சேரும். நாளைக்கு 200 லிட்டர் புழங்கினால் ஆறு மாத வறட்சிக்கு 36,000 லிட்டர் தொட்டி வேண்டும். விற்பவர் காட்டும் 'தண்ணீர் வசதி' பெரும்பாலும் 1,000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் ஒன்று.

மின்சாரம் அரசு நிறுவனமான பி.எல்.என்.னுடையது. சின்னத் தீவுகளில் டீசல் ஜெனரேட்டர், சில இடங்களில் சாயங்காலம் மட்டும். மீட்டருக்கு முன்கூட்டியே டோக்கன் போட வேண்டும். 900 வி.ஏ. இணைப்பு என்றால் ஏறக்குறைய 4 ஆம்பியர்தான். மோட்டார் கிளம்பும்போதே பிரேக்கர் விழுந்துவிடும். 2,200 வி.ஏ. கேளுங்கள், இல்லாவிட்டால் சோலார். சோலார் தாங்கிக்கு 304 ரக எவர்சில்வர் போல்ட் கடல்காற்றில் பழுப்பேறும், 316 வாங்க வேண்டும்.

கட்டுமானச் செலவில் எல்லோரும் விட்டுவிடுவது கரையிலிருந்து மனை வரை தூக்குகூலி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் வற்றும்போது பவளத் திட்டு வெளியே தெரியும், படகு தூரத்திலேயே நின்றுவிடும். சிமெண்ட் மூட்டை அங்கிருந்து தலைச்சுமைதான். "மணல் இங்கேயே கிடைக்குதே" என்று கடற்கரை மணலில் கான்கிரீட் போட்டால் உப்பு உள்ளே கம்பியைத் தின்று சில வருஷத்தில் தூண் வெடிக்கும். லொம்போக்கில் 2018 ஆகஸ்ட் நிலநடுக்கத்தில் 500-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; கம்பிக் கட்டு இல்லாத செங்கல் சுவர்கள் அப்படியே சரிந்தன. மரச்சட்டமும் இலேசான கூரையும் போதும், மாடி வேண்டாம்.

வருமானம்? அறை வாடகைக்கு விடலாம் என்பார்கள். உள்ளூர் ஹோம்ஸ்டே உரிமம் குடிமக்களுக்குத்தான். சுற்றுலா விசாவில் இருந்துகொண்டு தொழில் செய்தால் நாடு கடத்துவார்கள். கொப்பரை போடலாமே என்று காங்கேயம்காரர்கள் கேட்பார்கள். வெளிநாட்டவருக்குச் சாகுபடி உரிமை அங்கே பதிவான கம்பெனி மூலம் மட்டும்தான், குறைந்தது 5 ஹெக்டேர். மேலும் தீவுகளில் மழைக்குப் பயந்து பெரும்பாலும் புகை போட்டுத்தான் காயவைக்கிறார்கள். நம் உலர்களத்து வெள்ளைக் கொப்பரையின் தரம் அதற்கு வராது.

பணம் அனுப்புவதில் இந்தியச் சட்டம் தாராளம்: ஒரு நிதியாண்டில் ஒருவர் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 10 லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டி.சி.எஸ். என்ற பெயரில் வரியை முன்கூட்டியே பிடிக்கும், 25 லட்சம் அனுப்பினால் 3 லட்சம் முடங்கும், கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்டாமல் விட்டால் 10 லட்சம் அபராதம் போடலாம். ஆடிட்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

போக்குவரத்து கோவையிலிருந்து சிங்கப்பூர் வரை சுலபம், அதற்குப் பிறகுதான் விஷயம். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை மேற்குப் பருவக்காற்று வலுக்கும் நாள்களில் துறைமுக அதிகாரி படகையே விடமாட்டார். நாள்கணக்கில் தீவிலேயே கிடக்க வேண்டியிருக்கும். துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ் இருப்பார், டாக்டர் இருப்பது அபூர்வம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை கூடுதலாக ஒரு மாதத்துக்குக் கையில் வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் மின்சாரம் 24 மணி நேரமும் இல்லாத தீவை நினைக்கவே வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் மனசு அங்கேயே நின்றால், போய் இறங்கியதும் வாங்கும் வருகை விசாவே போதும்: 5 லட்சம் ருப்பியா, 30 நாள், ஒருமுறை இன்னொரு 30 நாள் நீட்டிப்பு. மனை பார்த்த அதே தீவில் ஒரு வீட்டை மாத வாடகைக்கு எடுத்து, ஜனவரியில் ஒருமுறையும் அக்டோபரில் ஒருமுறையும் தங்குங்கள். விற்பவர் அதுவரை அட்வான்ஸ் இல்லாமல் காத்திருக்க மாட்டேன் என்றால், வேறொருவருக்கு விற்கட்டும்.