நேரோபோட் எடுப்பவர்கள் கையெழுத்திடுவதற்கு முன் படிக்க வேண்டியது

கடந்த மே மாதம் இங்கிலாந்து, வேல்ஸ் எல்லையில் உள்ள லாங்கோலன் கால்வாயில் நான்கு இரவுகளுக்கு நேரோபோட் எனப்படும், உள்ளேயே தங்கக்கூடிய, ஒடுக்கமான நீண்ட கால்வாய்ப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். முன்வைப்புத் தொகையாகக் கட்டிய 250 பவுண்டை இழந்ததோடு, படகைச் சேதப்படுத்தியவர்கள் என்ற பெயரையும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். கடன் அட்டை நிறுவனத்திடம் கொடுத்த புகார் நிலுவையில் இருப்பதால், படகு நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

எங்களை ஈர்த்தது போன்ட்கசில்ட்டி நீர்ப்பாலம். 1805இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில், டீ ஆற்றுக்கு மேலே 38 மீட்டர் உயரத்தில், ஒரு பக்கம் கைப்பிடிச் சுவர்கூட இல்லாத இரும்புத் தொட்டிக்குள் படகு போகும். எங்கள் படகுத்துறையிலிருந்து அங்கே போய்த் திரும்ப நான்கு இரவுகள் தாராளமாகப் போதும் என்று தொலைபேசியில் உறுதி கூறினார்கள். கால்வாயில் வேக வரம்பே மணிக்கு நான்கு மைல்தான் என்பதையும், கட்டி நிறுத்தப்பட்ட படகுகளைக் கடக்கும்போது அதையும் இன்னும் குறைக்க வேண்டும் என்பதையும், பெரும்பாலான கால்வாய்களைப் போலன்றி இதில் ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்தை நோக்கித் தண்ணீர் ஓடுவதால் லாங்கோலன் போகும் வழி முழுவதும் எதிரோட்டம் என்பதையும் யாரும் சொல்லவில்லை. பாலத்தை நாங்கள் பார்க்கவே இல்லை.

இதையாவது பொறுத்துக்கொண்டிருப்போம். இந்தப் படகை ஓட்ட உரிமம் எதுவும் தேவையில்லை. அறுபது அடி நீளமும் பதினைந்து டன்னுக்குக் குறையாத எடையும் கொண்ட இரும்புப் படகை, முந்தின நாள்வரை மிதிவண்டி மட்டுமே ஓட்டியவரிடமும் ஒப்படைத்துவிடலாம். ஆகவே ஒப்படைக்கும்போது தரும் பயிற்சிதான் ஒரே பாதுகாப்பு. எங்களுக்கு அது பன்னிரண்டு நிமிடங்களில் முடிந்தது. வந்த இளைஞர் படகைத் திருப்பும் டில்லரைப் பிடித்துக் காட்டினார், லாக்கின் (நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் தொட்டி) கதவுகளில் உள்ள மதகைத் திறக்கும் விண்ட்லாஸ் என்ற கைப்பிடி இரண்டைக் கையில் திணித்தார், அடுத்த குடும்பம் காத்திருக்கிறது என்று சொல்லி ஒரு படிவத்தை நீட்டினார். கையெழுத்திட்டேன். லாக்கில் இறங்கும்போது படகின் பின்பகுதி சுவரில் உள்ள வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் உள்ள கட்டுமானத் திட்டில் மாட்டிப் படகு கவிழ்ந்துவிடும் என்பதையே, பிறகு கிரிண்ட்லி புரூக்கில் இருந்த லாக் காவலர் சொல்லித்தான் அறிந்தோம்.

இரண்டாம் நாள் மாலை, விட்சர்ச் நகரைத் தாண்டியதும் படகு அதிர்ந்தது, புகை கறுத்தது. அலுவலகத்தை அழைத்தபோது, படகை உந்தும் சுழலியில் ஏதோ சுற்றியிருக்கும், நீங்களே எடுத்துவிடுங்கள் என்றார்கள். எஞ்சினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, சுழலிக்கு நேர் மேலே இருக்கும் வீட் ஹேட்ச் என்ற மூடியைத் திறந்து, தோள்வரை தண்ணீரில் கைவிட்டு, ரொட்டி வெட்டும் கத்தியால் நீல நைலான் கயிற்றை அறுத்தெடுக்க நாற்பது நிமிடங்கள் ஆயின. மூடியைத் திரும்ப வைத்தபோதுதான் அதன் ரப்பர் வளையத்தைக் கவனித்தேன். பழைய குக்கர் கேஸ்கட்டைப் போல வெடித்துப்போயிருந்த அதிலிருந்து ஒரு துண்டு கையோடு வந்துவிட்டது. இயன்ற மட்டும் இறுக்கி மூடினோம். புறப்பட்ட இருபது நிமிடங்களில் எஞ்சின் அறைக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியது. அதை இறைத்து வெளியேற்ற வேண்டிய பில்ஜ் பம்ப், பொத்தானை அழுத்தினால் முனகக்கூட இல்லை. படகைக் கரையில் கட்டிவிட்டு, என் மைத்துனரும் நானும் சாம்பார் பாத்திரத்தால் இறைத்தோம்.

மறுநாள் பதினொரு மணிக்கு வந்த பழுதுபார்ப்பவர் வளையத்தை மாற்றினார். பம்ப்பின் மின்கம்பி துருவேறி அறுந்து வெகுநாளாகியிருக்கும் என்று அவரே சொன்னார். ஆனால் படகைத் திருப்பி ஒப்படைத்தபோது அலுவலகத்தில் வேறு கதை: மூடியைச் சரியாக மூடாதது எங்கள் தவறு, ஆகவே முன்வைப்புத் தொகை கிடையாது. நான் கையெழுத்திட்ட படிவத்தில் வீட் ஹேட்ச்சும் பில்ஜ் பம்ப்பும் இயக்கிக் காட்டப்பட்டன என்று ஒரு வரி இருந்தது. சேதப் பொறுப்பு விலக்கு என்று தனியே வாங்கிய 65 பவுண்டுக்கும் பயனில்லை. சுழலியில் சிக்குவதும் உள்ளே நீர் புகுவதும் அதில் சேராது என்று பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

படகு எடுக்க நினைப்பவர்கள், பின்னால் எத்தனை குடும்பங்கள் காத்திருந்தாலும், வீட் ஹேட்ச்சைத் திறக்கச் சொல்லி ரப்பரைத் தடவிப் பாருங்கள். பம்ப்பை ஓடவிட்டுக் கேளுங்கள். காட்டாத எதற்கும் எதிரே "காட்டப்படவில்லை" என்று எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். வாடகையைக் கடன் அட்டையில் கட்டுங்கள். பிரிட்டனின் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையிலான விலைக்கு, ஒப்பந்த மீறல் நேர்ந்தால் அட்டை நிறுவனமும் பொறுப்பாகும். வாடகையை நான் அப்படித்தான் கட்டியிருந்தேன். முன்வைப்புத் தொகையை மட்டும் டெபிட் அட்டையில்தான் வாங்குவோம் என்றார்கள், காரணம் இப்போது புரிகிறது. இரண்டையும் சேர்த்தே கோரியிருக்கிறேன். ரப்பர் துண்டின் புகைப்படத்தை அட்டை நிறுவனத்தார் சென்ற வாரம் கேட்டார்கள், அனுப்பிவிட்டேன். படகு நிறுவனத்திடமிருந்து இதுவரை வந்த ஒரே கடிதம், அடுத்த ஆண்டு வாடகையில் பத்து சதவீதத் தள்ளுபடி தருவதாகச் சொல்கிறது.