க்ளோ அண்ட் லவ்லி: டியூபுக்கு மதிப்பெண் 5-க்கு 2.5, விளம்பரத்துக்குப் பூஜ்யம்

1975-இல் ஃபேர் அண்ட் லவ்லி என்று வந்த கிரீமின் பெயரிலிருந்து ‘ஃபேர்’ 2020 ஜூலையில் போனது. இந்துஸ்தான் யூனிலீவர் இப்போது அதை க்ளோ அண்ட் லவ்லி என்று விற்கிறது. தமிழ் விளம்பரங்களில் வருஷக்கணக்காகக் கேட்ட ‘சிவப்பழகு’ ஒதுங்கி, அந்த நாற்காலியில் ‘பொலிவு’ உட்கார்ந்திருக்கிறது. ‘கருப்பே அழகு, காந்தலே ருசி’ என்று பழமொழி சொல்லிவிட்டு, பெண் பார்க்கும் இடத்தில் முதலில் நிறம் விசாரிக்கிறவர்கள்தான் நாம். பழி முழுவதும் விளம்பரத்துக்கு இல்லை. ஆனாலும் அதன் பங்கு சின்னதில்லை.

முதலில் டியூப். அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கும் பொருள்களை அளவு இறங்குமுகமாக அச்சிட வேண்டும் என்பது விதி. தண்ணீர், ஸ்டியரிக் – பால்மிட்டிக் அமிலங்கள், நயாசினமைடு, கிளிசரின், இரண்டு சன்ஸ்கிரீன் வேதிப்பொருள்கள், டைட்டானியம் டை ஆக்சைடு. ஸ்டியரிக் அமிலம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடோடு சேர்ந்தால் கொஞ்சம் சோப்பு உண்டாகும். அதுதான் எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்துவைக்கிறது. பழைய ‘வேனிஷிங் கிரீம்’ செய்முறை. தடவியதும் பிசுக்கில்லாமல் மறைவதற்குக் காரணம் இது. தடவிய அரை நிமிஷத்தில் முகம் வெளுத்தாற்போல் தெரிவது டைட்டானியம் டை ஆக்சைடின் உபயம். சுவர் பெயின்ட்டில் இருக்கும் அதே வெள்ளை நிறமி. முகம் கழுவினால் போய்விடும்.

உருப்படியாக வேலை செய்வது நயாசினமைடு, அதாவது வைட்டமின் பி3. இது தோலின் நிறமியான மெலனின் உற்பத்தியை நிறுத்துவதில்லை. மெலனோசைட் செல்கள் நிறமியைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி மேல்தோல் செல்களுக்கு அனுப்புகின்றன. அந்தப் பட்டுவாடாவை ஓரளவு மந்தமாக்குகிறது, அவ்வளவுதான். கிரீமை நிறுத்தினால் பட்டுவாடா பழையபடி நடக்கும். ஆய்வுகளில் பலன் தெரிந்தது பெரும்பாலும் 4, 5 சதவீத அளவில், அதுவும் நாலு முதல் எட்டு வாரம் விடாமல் தடவிய பிறகு.

எவ்வளவு தூரம் மாறும்? சட்டைக் கையை மடித்து, மேற்கையின் உட்புறத்தை, அக்குளுக்குக் கொஞ்சம் கீழே, பாருங்கள். வெயில் அதிகம் படாத அந்த இடத்தின் நிறம்தான் உங்கள் பிறவி நிறம். வெயிலில் கறுத்த முகத்தை நல்ல பராமரிப்பு அந்த நிறத்தின் பக்கம் கொண்டுபோகலாம். அதைத் தாண்டி இந்த டியூபால் முடியாது. விளம்பரம் காட்டும் முகம் அந்தக் கோட்டுக்கு அப்பால் நிற்கிறது.

சன்ஸ்கிரீன் கதை இன்னும் வேடிக்கை. எந்த சன்ஸ்கிரீனின் எஸ்பிஎஃப்பையும், அதாவது வெயிலைத் தடுக்கும் அளவையும், சோதிப்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவித்தான். முகத்துக்கு மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிராம் வேண்டும். நம்மவர்கள் பட்டாணி அளவு எடுத்து, நாலு பொட்டு வைத்துப் பரப்புகிறார்கள். அது கால் கிராம் இருந்தால் அதிகம். 25 கிராம் டியூபை தினம் இரண்டு வேளை போட்டும் ஒன்றரை மாதம் வருகிறதென்றால், வெயிலுக்குப் பாதுகாப்பு பெயரளவில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிலைத் தடுக்காமல் நிறமியோடு மல்லுக்கட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

குறைகள்: மாநிறத்துக்கும் கருப்புக்கும் சாம்பல் பூத்தாற்போன்ற தோற்றம் தருகிறது. வியர்த்தால் கழுத்து மடிப்பில் வெள்ளைக் கோடு விழும். முந்தைய கிரீம் காய்வதற்குள் மேலே தேய்த்தால் திரிதிரியாக உருளும். பரு வரும் சருமம் என்றால் முதலில் தாடையோரம் ஒரு வாரம் போட்டுப் பார்ப்பது நல்லது.

பலன் இருக்கிறதா என்று செல்ஃபியில் பார்க்காதீர்கள். பல போன்களில் பியூட்டி மோட் தானாகவே ஓடும். அதை அணைத்துவிட்டு, ஒரே ஜன்னலோரம், ஒரே நேரத்தில், கன்னத்தருகே ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்துப் படமெடுங்கள். தாளின் வெள்ளை இரண்டு படத்திலும் ஒன்றாக இருந்தால்தான் ஒப்பிட முடியும்.

‘முன் – பின்’ விளம்பரங்களில் இந்தத் தாள் இருக்காது. அந்த வகைப் படங்களின் வித்தை தெரிந்ததுதான்: ‘முன்’னுக்கு வெளிச்சம் மேலிருந்து, கண்ணுக்கடியில் நிழல், இழுத்துக் கட்டிய தலை, தொங்கிய முகம். ‘பின்’னுக்கு நேர் எதிரே மெத்தென்ற ஒளி, தாடைக்குக் கீழே ரிஃப்ளெக்டர், மேக்கப், விரித்த கூந்தல். கேமராவில் ஒளி அளவை ஒரு ஸ்டாப், அதாவது ஒரு படி, ஏற்றினால் சென்சாருக்குப் போகும் ஒளி இரண்டு மடங்கு. மிச்சத்தை, எடுத்த படத்தின் நிறத்தைத் திருத்தும் கலர் கிரேடிங் பார்த்துக்கொள்ளும். கருப்பான முகத்தைச் சோகமாக, தோற்றுப்போனதாகக் காட்டக்கூடாது என்று விளம்பரத் தரக் கவுன்சில் 2014-இல் விதி வகுத்தது. அட்டையிலிருந்து ‘முன் – பின்’ முகங்களையும், வெளுப்பை ஒப்பிட்டுப் பார்க்கும் நிற அளவுகோலையும் இந்துஸ்தான் யூனிலீவர் 2019-இல் எடுத்தது. எடுத்தது நல்லதே. ஆனால் அதற்குள் இரண்டு தலைமுறை, அந்த அளவுகோலில் தன் கட்டம் எது என்று தேடிவிட்டது.

வாங்குகிறவர் தன்னைப் பார்ப்பது ‘முன்’ படத்தில். ஆறு வாரம் கழித்தும் கண்ணாடியில் அதே முகம் என்றால் டியூபைக் குறை சொல்வதில்லை. ‘வெயிலில் சுத்தினேன், ராத்திரி போட மறந்தேன்’ என்று தன்னையே நொந்துகொள்கிறார். கம்பெனியும் அதையே சொல்லும். ஃபேர் அண்ட் ஹேண்ட்சம் என்ற ஆண்கள் கிரீம் வழக்கில், சத்தான உணவும் உடற்பயிற்சியும் சேர்ந்தால்தான் பலன் என்று அதைத் தயாரித்த இமாமி நிறுவனம் வாதிட்டது. இது அட்டையில் எங்கே இருக்கிறது என்று கேட்ட டெல்லி நுகர்வோர் ஆணையம், 2024 டிசம்பரில் 14.5 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது.

உண்மையான ஆபத்து இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. இந்த டியூபில் ஏமாந்தவர், மெடிக்கல் ஷாப்பில் டாக்டர் சீட்டில்லாமல் ஸ்டீராய்டு கிரீம் வாங்குகிறார். பெயரில் மோமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் இருந்தால் வையுங்கள் கீழே. இரண்டே வாரத்தில் வெளுக்கும். பிறகு தோல் மெலிந்து ரத்தக் குழாய் தெரியும், பரு வெடிக்கும், முடி முளைக்கும், நிறுத்தினால் முகம் தணலாய் எரியும். முகவரியோ உரிம எண்ணோ இல்லாத கிரீம்களில் பாதரசமும் இருக்கலாம். 2023-இல் கேரளாவின் மலப்புரத்தில் சிலருடைய சிறுநீரக நோய்க்குக் காரணம் தேடிப்போனவர்கள் இப்படிப்பட்ட கிரீம்களில்தான் போய் நின்றார்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் ஸ்டீராய்டு போடுகிறவர் தானாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம். தோல் டாக்டரிடம் போங்கள், போகும்போது தீர்ந்துபோன டியூபையும் கையோடு எடுத்துப் போங்கள்.