நேஷனல் ரிவ்யூவா, ஃபர்ஸ்ட் திங்ஸா?

அமெரிக்க வலதுசாரிகளை அவர்கள் எழுத்திலேயே படிக்க விரும்புகிறவர்கள் இந்த இரண்டில் எதை எடுப்பது என்று குழம்புகிறார்கள். இரண்டுமே நியூயார்க் பத்திரிகைகள், ஆனால் குணம் வேறு.

தொடக்கம்
நேஷனல் ரிவ்யூ: 1955, வில்லியம் பக்லி.
ஃபர்ஸ்ட் திங்ஸ்: 1990, ரிச்சர்ட் ஜான் நியூஹவுஸ். லூத்தரன் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவின் போதகராக இருந்து அதே ஆண்டு கத்தோலிக்கரானவர்.

அரசியல்
நேஷனல் ரிவ்யூ: தேர்தல், வரி, உச்ச நீதிமன்றம் எல்லாம் இணையத்தில் சுடச்சுட வந்துவிடும். 2016 தொடக்கத்தில் டிரம்ப்பை எதிர்த்து ஒரு சிறப்பிதழே போட்டார்கள். சொந்த முகாமே கோபித்துக்கொள்ளும் என்று தெரிந்தும் செய்தார்கள். அந்தத் துணிச்சலை மதிக்கிறேன்.
ஃபர்ஸ்ட் திங்ஸ்: அன்றாடச் செய்திக்கு இது சரிப்படாது.

மதம்
நேஷனல் ரிவ்யூ: பல தலைப்புகளில் ஒன்று.
ஃபர்ஸ்ட் திங்ஸ்: உயிரே இதுதான். 1994-இல் கத்தோலிக்கர்களும் எவாஞ்சலிக்கல் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவினரும் சேர்ந்து செயல்பட வேண்டும் என்ற கூட்டறிக்கை இதில்தான் வந்தது. அதை முன்னின்று நடத்தியவர்கள் நியூஹவுஸும், அதிபர் நிக்சனின் பதவியைப் பறித்த வாட்டர்கேட் விவகாரத்தின்போது மனம் திரும்பி, பிறகு சிறை சென்ற அவருடைய உதவியாளர் சக் கோல்சனும். நூற்றாண்டுக் கணக்கில் ஒருவரை ஒருவர் சந்தேகித்த இரு தரப்பு கருக்கலைப்பு எதிர்ப்பில் கைகோத்த கதை புரிய வேண்டுமானால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

வாசிப்பு
நேஷனல் ரிவ்யூ: சின்னக் கட்டுரைகள், பேருந்தில் படித்துவிடலாம்.
ஃபர்ஸ்ட் திங்ஸ்: இறையியல் கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது, நிதானமும் வேண்டும்.

வாஷிங்டன் சண்டைகளைத் தொடர நினைப்பவர்களுக்கு முதலாவது. அந்தச் சண்டைகளுக்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கைகளைத் தேடுகிறவர்கள் இரண்டாவதை எடுங்கள்.