ஒரே விலைச்சீட்டின் கீழ் எட்டு அமைதிகள்: ஆழ்வார்ப்பேட்டை எழுத்தோவியக் கடை

ஆழ்வார்ப்பேட்டையில், டி.டி.கே. சாலையிலிருந்து பிரியும் ஒரு குறுந்தெருவின் மாடியறையில், சீன, ஜப்பானிய எழுத்தோவியங்களைச் சட்டமிட்டு விற்கும் சிறிய கடை ஒன்று இயங்குகிறது. புதுமனை புகுவிழாவுக்குப் பரிசு தேடுவோர், யோகா வகுப்பு நடத்துவோர், மருத்துவமனை வரவேற்பறைக்கு அழகு சேர்க்க விரும்புவோர் எனப் பலதரப்பட்டவர்கள் அங்கே வருகிறார்கள். கடையின் கைவினைத் தரத்தை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால், தனித்தனிப் பொருளும் வரலாறும் உடைய எட்டுச் சொற்களுக்கு ‘மன அமைதி’ என்று ஒரே விலைச்சீட்டை ஒட்டி வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எந்த அமைதியை வாங்குகிறோம் என்று தெரியாமல் வாங்குவது அந்த எழுத்துகளுக்கும் நியாயமன்று, வாங்குபவருக்கும் நியாயமன்று.

முதலில் தரம். கையால் எழுதியவை 2,800 ரூபாயில் தொடங்குகின்றன. அச்சிட்டவை 900 ரூபாய். இரண்டும் ஒரே சுவரில் கலந்து தொங்குவதால், வேறுபடுத்திப் பார்க்கத் தெரிந்திருப்பது நல்லது. கையெழுத்துப் படியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மை தாளின் மறுபக்கம் வரை ஊறியிருப்பது தெரியும். தூரிகை விரைந்த இடங்களில் மை தீர்ந்து வெண்கீற்றுகள் ஓடியிருக்கும். இந்தக் கடையின் கையெழுத்துப் படிகளில் அந்த வெண்கீற்றுகள் மிக உயிரோடு இருக்கின்றன. சில படிகள் சீனத்தின் ஆன்ஹூய் மாகாணத்துச் சுவான் தாளில் எழுதப்பட்டவை என்று கடைக்காரர் சொன்னார். மரப்பட்டை நாரும் நெல் வைக்கோலும் சேர்த்துச் செய்யப்படும் அந்தத் தாளின் மரபுவழித் தயாரிப்பு முறை 2009இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. மை ஊறும் விதத்தைப் பார்த்தால் அவர் சொன்னதை நம்பலாம் என்றே தோன்றுகிறது.

இனிச் சொற்கள். என் பரிந்துரையில் முதலிடம் பெறுவது ‘ஆன்ஷின்’. சீனம், ஜப்பானியம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே ஒலிப்பும் ஒரே எழுத்துகளும் கொண்ட இச்சொல், நாம் நிம்மதி என்கிறோமே, அதற்கு மிக அருகில் நிற்கிறது. முதல் எழுத்தில் மேலே ஒரு கூரை, அதன் கீழே ஒரு பெண். இரண்டாம் எழுத்து நெஞ்சம். கவலை விட்டது, இனிப் பயமில்லை என்ற உணர்வையே இது சொல்கிறது. இச்சொல்லோடு நம்மவர்க்கு ஒரு தனி உறவும் உண்டு. தியானத்தை முதன்மையாகக் கொண்ட பௌத்தப் பிரிவான சென் மரபில், 13ஆம் நூற்றாண்டில் சீனத்தில் தொகுக்கப்பட்ட ஒரு கதைத் திரட்டில், போதிதருமரிடம் அவருடைய சீடர் ஹுய்கெ வந்து, தம் மனம் அமைதியடையவில்லை, அதை அமைதிப்படுத்தித் தாருங்கள் என்று வேண்டுகிறார். அந்த மனத்தைக் கொண்டுவா, அமைதிப்படுத்துகிறேன் என்கிறார் குரு. தேடித் தேடிப் பார்த்தும் அது அகப்படவில்லை என்று சீடர் சொல்ல, அப்படியானால் அமைதிப்படுத்தியாயிற்று என்று விடை வருகிறது. அவ்வுரையாடலில் வேண்டுதலுக்கும் விடைக்கும் பயன்படும் சொல் இதுவேதான். போதிதருமர் காஞ்சிபுரத்திலிருந்து சென்றவர் என்பது நம்மிடையே வழங்கும் மரபு. சீனத்துப் பழங்குறிப்புகளில் ஒன்று அவரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறது. வேறொன்று பாரசீகத்தவர் என்கிறது. எதுவாயினும், சென் என்ற பெயரே நம் தியானம் என்னும் சொல் சீனத்தில் ‘சான்’ ஆகி, ஜப்பானில் ‘சென்’ ஆன வடிவம். கடையில் இதைச் சொல்லி விற்க ஒருவரும் இல்லை என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

‘பிங்ஆன்’ என்பது தீங்கின்றி நலமாக இருத்தல். பயணம் புறப்படுவோரை வாழ்த்தவும், போவோர் வருவோர் நலமாயிருக்க வாசலில் ஒட்டவும் சீனர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். அதே எழுத்துகளை ஜப்பானியர் ‘ஹெயான்’ என்று படிப்பார்கள். அவர்களுக்கு அது 794இல் இன்றைய கியோட்டோவில் தலைநகர் அமைந்ததையும், 1185 வரை நீண்ட ஒரு காலகட்டத்தையும் நினைவூட்டும். தலைவாசலுக்கு ஏற்ற சொல். தியான அறைக்கு அன்று. பக்கத்தில் தொங்கும் ‘ஹெய்வா’ போர் இல்லாத நிலையைக் குறிப்பது. அதற்கு ‘மன அமைதி’ என்ற சீட்டு சற்றும் பொருந்தாது.

பரிசாகக் கொடுப்போர் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய சொற்கள் இரண்டு. ‘ஆன்ஜிங்’ என்பது சீனத்தில் சத்தமின்மை. வகுப்பறையில் பிள்ளைகளை அடக்க ஆசிரியர் சொல்வதும் அதுதான். அதே எழுத்துகளை ஜப்பானில் ‘ஆன்செய்’ என்று படித்தால், நோயாளி படுக்கையை விட்டு எழாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்ற மருத்துவர் கட்டளையின் தொனி வந்துவிடுகிறது. படுக்கையறைக்கு மிகச் சிறந்தது என்று கடையில் பரிந்துரைக்கப்படுவது இதுவே. இரண்டாவது, ஒற்றை எழுத்தாக எழுதப்பட்ட ‘ஜாகு’. தேநீர்க் கலையின் பேராசான் சென் நோ ரிக்யூவின் (1522–1591) பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இணக்கம், மதிப்பு, தூய்மை, சாந்தம் என்னும் நான்கில் கடைசி இதுதான். பௌத்த நூல்களில் நிர்வாணத்தின் சாந்தத்தைக் குறிப்பதும் இவ்வெழுத்தே. ஆயினும் துறவியின் மறைவைக் குறிக்கும் சொல்லிலும், தனிமையின் ஏக்கத்தைக் குறிக்கும் சொல்லிலும் இதே எழுத்து இருக்கிறது. பொருள் அறிந்து தன் அறையில் மாட்டிக்கொள்பவருக்கு இதைவிட ஆழமான எழுத்து அந்தக் கடையில் இல்லை. கிரகப்பிரவேசத்துக்கு மட்டும் தயவுசெய்து எடுத்துச் செல்ல வேண்டாம்.

‘ஹெய்ஜோஷின்’ நம் நிதானம் என்ற சொல்லின் பக்கத்தில் வருவது. இச்சொல் இடம்பெறும், அன்றாட மனமே வழி என்ற கருத்து எட்டாம் நூற்றாண்டுச் சீன குரு மாசூவின் பெயரில் வழங்குகிறது. ஜப்பானில் இன்று விளையாட்டு வீரர்களும் தேர்வெழுதுவோரும் பதற்றமின்மையைச் சொல்ல இதை எடுத்தாள்கிறார்கள். ‘ஃபுடோஷின்’ அசையாத மனம். நாற்பது வயது முதல் தம் மனம் அசைந்ததில்லை என்று பழஞ்சீனத் தத்துவ அறிஞர் மென்சியஸ் கூறுவதில் இருப்பது இதே எழுத்துத் தொடர். இங்குள்ள கராத்தே பயிற்சிக்கூடங்களுக்கு இதையே பரிந்துரைப்பேன், ஏனெனில் இதில் ஓய்வைக் காட்டிலும் உறுதியே மிகுதி. எழுத்துகளைப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஓர் அடையாளம்: ஆன்ஷின், ஹெய்ஜோஷின், ஃபுடோஷின் மூன்றும் நெஞ்சம் என்ற எழுத்தில்தான் முடிகின்றன. மூன்று புள்ளிகளும் ஒரு வளைந்த கொக்கியுமாக நான்கே கோடுகள். அது கடைசியில் இல்லையென்றால் வேறு படத்தைக் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள்.

நான் வாங்கியது நான்கெழுத்துத் தொடரான ‘நிங்ஜிங் ஜியுவான்’. மனம் அடங்கியிருந்தால்தான் தொலைதூரம் எட்ட முடியும் என்ற கருத்துடைய இது, மூன்றாம் நூற்றாண்டுச் சீன அமைச்சர் சூகே லியாங் தம் மகனுக்கு எழுதியதாக வழங்கும் கடிதத்தால் புகழ்பெற்றது. படிக்கும் பிள்ளையின் மேசைக்கு மேலே மாட்டுவதற்கென்றே அமைந்த தொடர். இதன் முதல் எழுத்தின் பழைய வடிவத்தில் கூரையின் கீழ் நெஞ்சம் இருக்கிறது. சீனத்தில் இப்போது வழங்கும் எளிய வடிவத்தில் அது இல்லை. கடையில் இரு வடிவங்களும் ஒரே விலைக்குக் கிடைக்கின்றன. பழைய வடிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.

சட்டமிடும் வேலை நன்று. பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் குடியிருப்போர் துணிச்சுருளாகத் தொங்கவிடும் வகையைத் தவிர்த்து, கண்ணாடியிட்ட சட்டத்தையே கேட்கலாம். உப்புக்காற்றிலும் ஐப்பசி, கார்த்திகை ஈரத்திலும் தாள் நெளிந்துவிடும். ராமபாணப் பூச்சிக்கும் தாளைத் துணியில் ஒட்டும் பசை பிடித்தமானது. மரபுவழி மைக்கட்டி புகைக்கரியோடு விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் பசையைச் சேர்த்துச் செய்யப்படுவது என்பதையும், பூஜையறையில் மாட்ட எண்ணுவோர் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்டால் தாவரப் பசை கலந்த மையில் எழுதியவற்றைக் காட்டுகிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் சேவை பழுதில்லாமல் நடந்தது, பொதியும் உறுதியாக இருந்தது. சீட்டுகளை மாற்றச் சொல்லி, எட்டுச் சொற்களுக்கும் இரண்டிரண்டு வரியில் பொருள் எழுதிக் கடைக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். அவர் ஆர்வத்தோடு வாங்கிப் படித்துவிட்டு, அடுத்த முறை அச்சிடும்போது சேர்ப்பதாகச் சொன்னார். அதுவரை அங்கு செல்வோர், சொல்லின் ஒலிப்பைக் கேட்டு உறுதிசெய்துகொண்டே பணம் கட்டுங்கள்.